ஜெபமணி நிரப்பிய கட்டில்கள்

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் இடையில், கம்பெனி பஸ்கள் ஓயாமல் போகிற சாலையை ஒட்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேலை போய்விடும், அந்த வேலையை உதறுகிற துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. அங்கே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் நான் கிளார்க். ஜெபமணியக்கா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவருடைய அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் எட்டு வருடமாக அவர் செய்த முக்கியமான வேலை, கட்டில் நிரப்புவது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரி நடத்த வேண்டுமானால் அதன் ஆஸ்பத்திரியில் இத்தனை கட்டில் வேண்டும், கட்டிலில் இத்தனை நோயாளி வேண்டும் என்று விதி. எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் உண்டு. நோயாளிகள் வருவதில்லை. வந்து என்ன செய்வார்கள்? டாக்டர் இருந்தால் மருந்து இருக்காது, மருந்து இருந்தால் டாக்டர் இருக்க மாட்டார். அதனால் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது என்று மோப்பம் பிடித்தவுடன், பக்கத்து ஊர்களில் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறவர்களை வேன் வைத்துக் கூட்டிவந்து படுக்க வைப்போம். கூலி உண்டு, மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல், மூட்டுவலி, சர்க்கரை என்று கேஸ் ஷீட் எழுதுவது நான். குணமாகி வீட்டுக்குப் போனதாக டிஸ்சார்ஜ் காகிதத்தையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவேன். ஃபைல் முழுமையாக இருக்க வேண்டுமல்லவா?

இதை எழுதும்போதே வாய் கசக்கிறது. அப்போதெல்லாம் கசக்கவில்லை.

ஜெபமணியக்காவுக்கு ஒரகடம் பக்கத்தில்தான் சொந்த ஊர். குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். கிடைத்த வேலை ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுவது, அதுவும் கான்ட்ராக்டில். முப்பத்தைந்து வயதானதும் அதற்கும் வயது அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் துடைப்பம் எடுத்தார். கணவர் மைக்கேல்ராஜ் வேன் ஓட்டுகிறார், நாங்கள் ஆள் ஏற்றுகிற அதே வேன். ஒரே மகள் ஜெர்சி, இந்த டிரஸ்டின் நர்சிங் காலேஜில் கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, அந்த வீட்டின் மூன்று பேர் குடுமியும் நிர்வாகத்தின் கையில் இருந்தது.

ஆள் சேர்ப்பதில் அக்காவை அடிக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிற பழக்கம் அவருக்கு உண்டு. இன்ன நோயில் கிடந்தேன், இப்படி ஜெபித்தேன், இப்படி எழுந்தேன் என்று சொன்னால் கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தத் திறமையைத்தான் நிர்வாகம் மோப்பம் பிடித்தது. ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லோரையும் வார்டில் உட்கார வைத்துப் பாடம் எடுப்பார்.

"டாக்டரு கேட்டா டக்குனு பதில் சொல்லாத. கொஞ்சம் மூச்சு வாங்கு. எத்தினி நாளான்னா, மூணு நாளு. இன்னா சாப்ட்டன்னா, கஞ்சி. பிரியாணின்னு எவனாவது வாய வுட்டீங்க, அவ்ளோதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரே ஒரு வார்டுக்கு மட்டும் அக்காவால் ஆள் பிடிக்க முடிந்ததில்லை. மனநலப் பிரிவு. எட்டுக் கட்டில். காலில் மாவுக்கட்டு போட்டுப் படு என்றால் படுப்பார்கள், சிறுநீரகக் கல் என்றால் முனகுவார்கள், மனநலம் என்றால் எழுந்து போய்விடுவார்கள். "பைத்தியம்னு படுத்து எழுந்தா நாளைக்கு எம் பொண்ண எவன்மா கட்டுவான்?" என்று சந்திரம்மாள் என்கிற அம்மாள் நேராகவே கேட்டார். பொய்யாகக்கூட அந்தக் கட்டிலில் படுக்க ஊரில் ஆள் இல்லை. இதை நான் குறை சொல்லவில்லை. மருத்துவம் சொல்லித்தருகிற கட்டடத்திலேயே அந்த எண்ணம்தான் இருந்தது.

நான் சொல்லப் போகிற ஆய்வுக்கு ஒரு வருடம் முன்னால் மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் ஹாஸ்டலில் உயிரை விட்டான். கல்லூரி என்ன செய்தது தெரியுமா? ஒரு நாள் லீவு விட்டது. மறுநாள் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, சாதிக்கப் பிறந்தவர்கள் சோர்ந்து போகலாமா என்று மூன்று மணி நேரம் முழங்க வைத்தது. வராதவர்களுக்கு அபராதம். நூலகத்துக்குப் பக்கத்தில் 'மாணவர் மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள். மனநல தினத்தன்று அந்தப் பூட்டிய கதவின் முன்னால் கோலம் போட்டுப் போட்டி நடத்தி, குக்கர் பரிசு கொடுத்தார்கள். இதெல்லாம் என் ரெக்கார்டில் போட்டோவோடு இருக்கிறது.

போன வருடம் ஐப்பசியில் ஆய்வு என்று செய்தி வந்தபோது, மனநலப் பிரிவுக்கு ஆள் இல்லை என்று அக்கா வழக்கம்போல் கையை விரித்தார். நிர்வாக அதிகாரி பாபு ஒரு வழி சொன்னார். வருகை குறைந்த மாணவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களைப் படுக்க வைக்கலாம். ஒரு பகல் படுத்தால் குறைந்த வருகையைச் சரிசெய்து கையெழுத்துப் போட்டுத் தரலாம். எல்லோரும் ஆகா என்றார்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலை டைப் அடித்தவன் நான், நானும் கேட்கவில்லை.

எட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பேர் ஆஸ்பத்திரி உடுப்பில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவதாகத் தங்கமாரி வந்தாள். இரண்டாமாண்டு. கோவில்பட்டிப் பக்கம். தாய் பேச்சி தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர், தகப்பன் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவள். அதனால் கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஏழரை'. வகுப்பில் ஒரு பேராசிரியரே "ஏழரை, எழுந்திரு, இங்கிலீஷ்ல பதில் சொல்லு" என்றாராம். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனதாம். நாளைக்கு நம் நாடி பிடிக்கப் போகிற கூட்டம் அது.

அவள் தலை சீவி நாளாகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் பார்த்துவிட்டு, "மேக்கப் பிரமாதம்" என்றேன். என் வாயில் புழு விழ.

அக்கா ஒவ்வொரு கட்டிலாக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்கு வரிக்கு வரி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆறாம் கட்டிலுக்கு வந்தார்.

"உனுக்கு இன்னா பண்ணுதுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

தங்கமாரி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒறக்கம் வரலக்கா. மூணு மணிக்கே முழிப்பு தட்டிருது. பொறவு விடியவும் பயமா இருக்கு. சோறு எறங்க மாட்டேங்கு. புத்தகத்தத் தொறந்தா எழுத்து தெரியுது, ஒண்ணும் உள்ள போக மாட்டேங்கு. குளிக்கதுக்கு எந்திரிக்கணும்னா மலையத் தூக்கச் சொன்ன மாதிரி இருக்கு. செத்துப்போனா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுது. அம்மைக்கு மட்டும் கஷ்டம். அவளும் கொஞ்ச நாள்ல சரியாயிருவா."

அக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். "யப்பா! சூப்பரா சொல்றடி. எட்டு வருசத்துல இப்டி ஒருத்தி எனக்குக் கெடைக்கல. நாளைக்கும் அப்டியே சொல்லு, ஒரு வார்த்த மாத்தாத. நைனாரு, இத அப்டியே எய்திக்கோ."

என் பெயர் ஆறுமுகநயினார். அப்படியே எழுதிக்கொண்டேன். தூக்கமின்மை, பசியின்மை, தற்கொலை எண்ணம். கீழேயே இன்னொரு தாளில், சிகிச்சைக்குப் பின் நன்கு தேறினார், டிஸ்சார்ஜ் செய்யப்பட்டார் என்றும் எழுதினேன். மையின் ஈரம்கூடக் காயவில்லை. ஒரு பெண் சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொல்கிறாள், எதிரே நிற்கிற இரண்டு பேரும் அவளுக்குச் சபாஷ் போடுகிறார்கள். இப்படி ஒரு தவற்றை வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் செய்ய முடியாது. அங்கே நோயாளி சொன்னால் நோய் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். புதுப் போர்வைகளில் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது, ஓடி ஓடிக் கிழித்தோம். மனநலப் பேராசிரியரும் வந்திருந்தார். பதிவேட்டில் அவர் எங்கள் முழுநேரப் பேராசிரியர். ஊரும் கிளினிக்கும் கோயம்புத்தூரில். ஆய்வு நாளில் மட்டும் விமானத்தில் வந்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் போய்விடுவார்.

குழுவில் ஒருவர் ஆறாம் கட்டிலில் நின்றார். இந்தியில் கேட்டார், பேராசிரியர் தமிழாக்கினார். தங்கமாரி ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். சொல்லும்போது கண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. வந்தவர் தலையை ஆட்டிவிட்டு எதையோ டிக் அடித்தார். அடுத்த வார்டுக்குப் போனார்கள்.

கதவு சாத்தியதும் மற்ற ஏழு பேரும் கை தட்டினார்கள். "ஏழரை, செம ஆக்டிங்டி!" பாபு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அக்காவும் தட்டினார், நானும் தட்டினேன்.

மூன்று மணிக்குக் கட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. மனநலப் பிரிவிலும் ஏழு பேரும் வருகைக் கையெழுத்துக்காகப் பாபுவின் மேசையைச் சூழ்ந்துகொண்டு அடித்துப் பிடித்தார்கள். தங்கமாரி எழுந்திருக்கவில்லை. அக்கா பிரியாணிப் பொட்டலத்தோடு அவளிடம் போனார்.

"வேணாம்க்கா."

"சரி, கையெய்த்து வாங்கிக்கினு வூட்டுக்கு... ஹாஸ்டலுக்குப் போ."

"அதுவும் வேண்டாம்க்கா. நான் இங்கனயே படுத்துக்கிடட்டா? இங்க யாரும் ஒண்ணும் கேக்கல."

அக்கா பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றார். எட்டு வருடத்தில் எத்தனையோ பேரைப் படுக்க வைத்து எழுப்பியிருக்கிறார். கூலி வாங்காமல் எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. பிரியாணியில் பீஸ் இல்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. வேண்டாம் என்றவர் இல்லை. வேஷம் போட்டவள் கூலியைக் கேட்பாள், கேட்காதவள் வேஷம் போடவில்லை. அக்காவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"நைனாரு, இது நெஜம்டா," என்றார். "நேத்து அது சொன்னது அல்லாம் நெஜம்."

இரண்டு பேரும் பாபுவிடம் ஓடினோம். அவர் காதில் போனை வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஸ்டூடன்ட் பேர்ல சைக்கியாட்ரி கேஸ்னு வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்? போன வருசத்து மேட்டரே இப்பதான் அடங்கிருக்கு. ஹாஸ்டலுக்கு அனுப்பு. நல்லா தூங்கி எழுந்தா சரியாப்பூடும். நாளைக்கும் டீம் இருக்கு, ஆளுங்கள ரெடி பண்ணு."

"அது தூங்கறதே இல்லன்னுதான் சார் சொல்லுது," என்றார் அக்கா.

"ஜெபமணி. உம் பொண்ணு இங்கதான படிக்குது?"

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டல் என்று எங்கேயும் எழுதிக் கொடுக்க முடியாத மாதிரி, நலம் விசாரிக்கிற மாதிரியே சொன்னார். அக்கா படியிறங்கி வாசலுக்குப் போனார்.

பேராசிரியர் வாடகைக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியின் ஒரே மனநல டாக்டர் அவர். அதுவும் அன்றைக்கு ஒரு நாள் டாக்டர். அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு ஓ.பி.ல காட்டச் சொல்லும்மா."

"நாளைக்கு நீங்க கீறீங்களா சார்?"

நாளைக்குக் குழு வேறு பிரிவுகளைப் பார்க்கும், அவர் கோயம்புத்தூரில் இருப்பார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கதவை விடவில்லை.

"பேஷன்ட்டு பொய்யி. வார்டு பொய்யி. நானும் பொய்தான். உங்க படிப்பாவது நெஜந்தான சார்?"

அவர் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். காரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். ஆறாம் கட்டில் ஓரம் உட்கார்ந்து அரைமணிநேரம் மெதுவாகப் பேசினார். அந்த அரைமணிநேரம் அவர் டாக்டராகத்தான் இருந்தார், அதை நான் மறுக்க மாட்டேன். வெளியே வந்தபோது மனிதர் ஆடிப்போயிருந்தார்.

"ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க. இன்னிக்கே அட்மிட் பண்ணணும். இங்க வேண்டாம். டாக்டர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

எத்தனையோ நூறு கட்டில் உள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பேராசிரியர் சொன்ன வார்த்தை இது. அதையே ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "என் பேர் வேண்டாம்ப்பா" என்றார். போய்விட்டார். காறித் துப்பலாம் போல இருந்தது. எங்கே துப்ப, எல்லா இடத்தையும் ஆய்வுக்காகத் துடைத்து வைத்திருந்தோம்.

வாசலில் ஐந்து ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றன. ஐந்தும் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு வந்தவை, எடுக்க அனுமதி இல்லை. மைக்கேல்ராஜின் வேன் மட்டும் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தது. அக்கா தங்கமாரியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஏற்றினார். நானும் ஏறிக்கொண்டேன்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வுடு."

மைக்கேல்ராஜ் இறங்கி வந்து மனைவியைத் தனியே இழுத்தார். "ஜெர்சி படிப்பு?"

"நம்ம பொண்ணு உயிரோட கீது. வண்டிய எடு."

ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்த வேன். பிரியாணி வாசம் தூக்கலாக இருந்தது. நெஞ்சுவலி, மூட்டுவலி, குடலிறக்கம் எல்லாம் பல் குத்திக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தன. ஒருவர் ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்த தங்கமாரியைப் பார்த்து, "உனுக்கு இன்னா வேஷம் பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா, "இதுக்கு வேஷம் இல்ல" என்றார். சந்திரம்மாள் எழுந்து ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தார். தங்களை முதலில் ஊரில் இறக்கிவிடச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். கண்ணில் தூக்கம் தெரிந்தது, ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டாள்.

தங்கமாரி சொன்னாள். ஒறக்கம் வரலை, மூணு மணிக்கே முழிப்பு, விடியவும் பயம், சோறு, எழுத்து, மலை. அதே வார்த்தைகள், அதே வரிசை. ஒத்திகையில் சொன்னது, ஆய்வில் சொன்னது, மூன்றாவது தடவையாக இங்கே. சொல்லி முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னேனாக்கா?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை வைத்தாள். "யாரு சொல்லிக்குடுத்தது?"

பொய்க் கேஸ் என்று துரத்திவிட்டால் இந்தப் பெண் எங்கே போவாள்? திரும்ப அந்த ஹாஸ்டல்தான், அந்த இரவுதான். நான் ஏதோ மழுப்பப் பார்த்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"நாந்தான் மேடம். ஆனா நான் சொல்லிக்குடுக்கல. அது சொன்னத, சூப்பரா கீதுன்னு சொன்னேன். அதான் அது கேக்குது." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வேன், கூலி, பிரியாணி, எட்டுக் கட்டில், கைதட்டல். சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஒன்று விடாமல் சொன்னார். சபையில் சாட்சி சொல்கிற ஏற்ற இறக்கம் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

தங்கமாரி குறுக்கிட்டாள். "மேடம், எனக்கே தெரியல மேடம். நெசமாவே இருக்கா, நடிக்கேனான்னு. எல்லாரும் கை தட்டுனாங்க."

"அதக் கண்டுபிடிக்கிறது என் வேலைம்மா," என்றாள் டாக்டர். "நீ அதப் போட்டுக் குழப்பிக்காத. இன்னிக்கு இங்கயே இரு. நான் இருக்கேன்." அட்மிஷன் சீட்டை எழுதிவிட்டு, கூட ஒரு பெண் துணை கட்டாயம் இருக்க வேண்டும் என்றாள். அக்கா துண்டை விரித்துக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து பாபு அக்காவுக்குப் போன் மேல் போன். ஊர்களில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், எங்கே தொலைந்தாய் என்று கத்தினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒரு பேஷன்ட்டு கூட கீறேன் சார்," என்றார் அக்கா.

"எந்த வார்டு?"

"உங்க வார்டு இல்ல சார்." வைத்துவிட்டார்.

அதோடு அவர் வேலை போனது. மைக்கேல்ராஜின் வேனை நிறுத்தினார்கள். ஜெர்சியின் சலுகையை ரத்து செய்தார்கள். அவள் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேறு காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அக்கா சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறார். கல்லூரிக்கு அந்த ஆய்வில் அனுமதி கிடைத்தது, மனநலப் பிரிவு திருப்திகரம் என்று அறிக்கையில் வந்தது. அந்த அறிக்கையை ஃபைலில் கோர்த்தவன் நான். என்னை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? மறுநாளே மத்தியானம் போய் என் மேசையில் உட்கார்ந்துவிட்டேன், அதனால்தான்.

தங்கமாரி உயிரோடு இருக்கிறாள். மருந்து சாப்பிடுகிறாள், ஒரு வருடம் விட்டு மறுபடி படிக்கிறாள். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை. அதற்கு மேல் அவளைப் பற்றி நான் சொல்லக்கூடாது.

ஆனால் செங்கல்பட்டில் மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அவள் தாய்க்குப் போன் போட்டவன் நான்தான், என் பேச்சும் தெற்கத்திப் பேச்சு என்பதால். விடிய விடிய பஸ்ஸில் வந்து இறங்கினார் பேச்சி. ஒரு கட்டைப் பையில் முறுக்கும் மகளுக்கு ஒரு புதுச் சுடிதாரும் இருந்தன. மகள் மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஜெபமணியக்காவைக் கும்பிட்டார்.

"நீங்க யாருக்கா? காலேஜுல டீச்சரா?"

எங்கள் ஆஸ்பத்திரிக்காரி என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கா எழுந்து நின்றார்.

"டீச்சர் இல்லமா. ஆஸ்பத்திரில பொய்யா படுக்கறதுக்கு ஆளுங்கள இட்டாந்து சொல்லிக்குடுக்கறவ. உம் பொண்ணு சாவணும் போல கீதுன்னு எங்கிட்ட சொல்லுச்சு. நடிக்குதுன்னு நெனச்சேன். சூப்பரா சொல்றடின்னு கன்னத்தத் தட்டிக்குடுத்தேன்."

அறைவார் என்று நினைத்தேன். அறையட்டும் என்று அக்காவும் நின்றார். பேச்சி கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. மகளின் போர்வையை இழுத்துவிட்டார். தீப்பெட்டி மருந்தில் கறுத்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"எங்கிட்டயும் போன்ல இதத்தான் சொன்னா, ஆடி மாசம். படிக்கச் சோம்பப்பட்டு நடிக்கியாட்டின்னு ஏசிப்போட்டேன். அதுக்குப் பொறவு எப்பக் கேட்டாலும், நல்லாருக்கேம்மான்னுதான் சொன்னா."